தாகத்தை மறைத்த வீடு

என் அப்பா சேவுகன் மோட்டார் மெக்கானிக். கார் மோட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். கிணற்றிலும் போர்வெல்லிலும் தண்ணீர் இறைக்கிற மோட்டார். திருப்பத்தூருக்கும் பிள்ளையார்பட்டிக்கும் இடையில் எங்கள் ஊர். சுற்றுவட்டாரத்தில் எந்தச் சம்சாரியின் பம்புசெட் மக்கர் பண்ணினாலும் அப்பாவுக்குத்தான் போன் வரும். டிவிஎஸ் வண்டியின் முன்னால் சாமான் பையை வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். பைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய தண்ணீர் கேன் தொங்கும். போய்ச் சேர்வதற்குள் அது பாதி காலியாகியிருக்கும். மோட்டார் ஓட ஆரம்பித்ததும் குழாயில் கொட்டுகிற தண்ணீரைக் கை குவித்துக் குடிப்பார். "சேவுகன் ருசி பாத்துட்டாரு, இனி பயமில்ல, ஓடும்" என்று கேலி பேசுவார்கள். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். அவர் ருசி பார்க்கவில்லை, அவருக்குத் தாகம் என்பது அங்கே யாருக்கும் தெரியாது.

அப்பாவுக்கு எப்போதும் தாகம். காலையில் எழுந்ததும் ஒரு சொம்பு, பல் விளக்கியதும் ஒரு சொம்பு, சாப்பிடும்போது இரண்டு. குடித்த வேகத்திலேயே அது வெளியே போயாக வேண்டும். வாலிபத்தில் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டராகச் சேர்ந்தாராம். காரைக்குடி போய்ச் சேர்வதற்குள் வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி ஓடியதைப் பார்த்து டிரைவர், "ஏப்பா, நீ பஸ்ல வாரியா, இல்ல பஸ்ஸு உன் பின்னால வருதா?" என்று கேட்டிருக்கிறார். அந்த வேலை அதோடு சரி. பிறகுதான் மோட்டார் பக்கம் வந்தார். வயக்காட்டில் தண்ணீருக்கும் பஞ்சமில்லை, ஒதுங்குவதற்கு மறைவுக்கும் பஞ்சமில்லை. எத்தனை தடவை போனாய் என்று கேட்கவும் ஆள் இல்லை. ஒரு மனிதர் தன் பிழைப்பையே மூத்திரத்தை வைத்துத் தீர்மானித்தார் என்றால் சிரிப்பாகத்தான் இருக்கும். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

இது அப்பாவோடு நிற்கவில்லை. தாத்தாவுக்கு இருந்தது. அப்பாவின் தங்கை முத்தழகு அத்தைக்கு இருந்தது. எனக்கும் இருக்கிறது. பிறக்கும்போது எல்லாப் பிள்ளைகளையும் போலத்தான் பிறப்போம். தவழ்ந்து நடந்து பேச ஆரம்பித்தபின், ஒரு நாள் பிள்ளை தானாகப் பானையைத் தேடிப் போகும். நான் அப்படிப் போய் ஒரு சொம்பு தண்ணீரை மடமடவென்று குடித்ததைப் பார்த்த அம்மா, அடுப்படியில் உட்கார்ந்து அழுதாளாம். அப்பா திருப்பத்தூர் சந்தைக்குப் போய் எனக்கென்று சின்னதாக ஒரு பானை வாங்கி வந்தார். உள்ளூர் டாக்டர் ரத்தமும் சிறுநீரும் பரிசோதித்துவிட்டு, "சுகர் இல்ல, சந்தோசமாப் போங்க" என்றார். சந்தோஷமாக வந்துவிட்டோம்.

வீட்டில் இதற்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். பஞ்சகாலத்தில், எங்கள் முப்பாட்டனார் ஒருவர் வழிப்போக்கனுக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்லிவிட்டாராம். அந்த ஆள் விட்ட சாபமாம். எந்த முப்பாட்டனார், அவர் பேர் என்ன என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் அந்தப் பேர் தெரியாத மனிதருக்காக அப்பா வருஷா வருஷம் கோடையில், பிள்ளையார்பட்டிக்கு நடந்து போகிறவர்களுக்கு ரோட்டோரம் தண்ணீர்ப் பந்தல் போடுவார். தண்ணீரும் நீர்மோரும் அவரே மொண்டு கொடுப்பார். ஊரார் அவரைப் புண்ணியவான் என்றார்கள். அவர் அபராதம் கட்டிக்கொண்டிருந்தார்.

இதையெல்லாம் வெளியே சொல்லக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். சட்டம் போட்டவள் அத்தை. அத்தையைக் கட்டிக்கொடுத்த வீட்டில், அவள் நாளெல்லாம் தண்ணீர் குடிப்பதையும் ஒதுங்குவதற்கு ஓடுவதையும் மாமியார்க்காரி கவனித்திருக்கிறாள். "நோவு புடிச்ச குடும்பத்துல பொண்ணெடுத்துட்டோம்" என்று ஊர் கூட்டிச் சொல்லிவிட்டாள். தலைத்தீபாவளிக்கு முன்பே அத்தை டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்தாள். அந்த ஆள் வேறு கல்யாணம் செய்துகொண்டான். அத்தைக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அதற்குப் பிறகு அவள் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். எனக்குத் தலை வாரிவிடும்போதெல்லாம், "வெளிய மட்டும் வாயத் தொறந்துறாத தாயி, எங் கதி ஒனக்கு வேணாம்" என்பாள்.

கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்து இரண்டு வருஷம் ஆனபோது கண்டரமாணிக்கத்திலிருந்து வரன் வந்தது. மாப்பிள்ளை குழந்தைவேலு, கூட்டுறவு வங்கியில் வேலை. அவர் அம்மா புஷ்பவள்ளி நல்ல வாய். சிரித்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும். நிச்சயதார்த்தத்துக்குக் கண்டரமாணிக்கம் போனபோது, ஊருக்குள் நுழைவதற்கு முன் காரை நிறுத்தி நானும் அப்பாவும் கருவேலங்காட்டுப் பக்கம் போய்விட்டு, பின் சீட்டில் ஒளித்து வைத்திருந்த கேனைக் காலி செய்தோம். பிறகு அப்பா வெள்ளை வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தவர்தான். தட்டு மாற்றி, சாப்பிட்டு, பேசி முடித்து, சம்பந்திகள் வாசல்வரை வந்து வழியனுப்புகிறவரை ஒரு டம்ளர் தண்ணீரோடு நிறுத்திக்கொண்டார். உதடு வெடித்துப்போயிருந்தது. கார் ஊர் எல்லையைத் தாண்டியதும் ஒரு பம்புசெட்டைக் கண்டு இறங்கி ஓடினார். குடித்து முடித்து மீசையைத் துடைத்துக்கொண்டு, "எப்பிடி? ஒருத்தரும் கண்டுபிடிக்கல பாத்தியா?" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். பரீட்சையில் பாஸான பையனைப் போல அத்தனை சந்தோஷம் அவருக்கு.

கல்யாணத்துக்கு மண்டபம் பார்த்துவிட்டு வரும்போது, திருப்பத்தூர் ரோட்டில் ஒரு மாடு குறுக்கே வந்து அப்பா வண்டியோடு விழுந்தார். தொடை எலும்பு முறிந்துவிட்டது. காரைக்குடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எனக்குப் போன் பண்ணிய அம்மா, "ஒண்ணுமில்ல, கம்பி வச்சுச் சரி பண்ணிருவாகளாம், நீ லீவு போட்டுட்டு மெதுவா வா" என்றாள்.

அங்கே நடந்ததை அம்மா எனக்கு எத்தனையோ முறை சொல்லிவிட்டாள். ஒரு முறைகூட ஒரு வார்த்தையை மாற்றிச் சொன்னதில்லை.

மறுநாள் காலையில் ஆபரேஷன், அதுவரை பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்றார்கள். சுகர் உண்டா, பிரஷர் உண்டா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் இல்லை என்பதுதான் உண்மையான பதில். அம்மா அதைச் சொன்னாள். தண்ணீரைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை. அம்மா தானாகச் சொல்லலாம் என்று வாயெடுத்த நேரத்தில், கையில் பழப்பையோடு புஷ்பவள்ளி உள்ளே வந்தார். சம்பந்தி விழுந்துவிட்டார் என்று கேட்டதும் முதல் பஸ்ஸைப் பிடித்து ஓடிவந்திருக்கிறார். "நீங்க தனியாக் கெடந்து அல்லாட வேணாம் மதினி, நானும் கூட இருக்கேன்" என்று உட்கார்ந்துவிட்டார்.

அப்பா அம்மாவைக் குனியச் சொல்லிக் காதில் சொன்னார்: "மாரி, சொல்லிராத. அவுக இருக்காக."

"தாங்க மாட்டீகளே."

"நிச்சயத்தன்னைக்கு இருந்தேன்ல? அதே மாதிரிதான். முடிஞ்சு வந்ததும் குடத்தோட குடு."

காலையில் நடக்க வேண்டிய ஆபரேஷன் நடக்கவில்லை. ஏதோ பெரிய விபத்துக் கேஸ் வந்ததால் மதியத்துக்குத் தள்ளினார்கள், பிறகு சாயங்காலம் என்றார்கள். சலைன் சொட்டுச் சொட்டாக ஏறிக்கொண்டிருந்தது. கீழே தொங்கிய மூத்திரப் பை நிறைந்துகொண்டே இருந்தது. பை மாற்ற வந்த சிஸ்டர் சந்தேகப்பட்டுக் கேட்டிருக்கிறார்: "என்னம்மா, இப்பத்தான மாத்துனேன்? இவரு நெறையத் தண்ணி குடிக்கிறவரா?"

அம்மா திரும்பிப் பார்த்தாள். புஷ்பவள்ளி நாற்காலியில் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார். அப்பா கண்ணால் வேண்டாம் என்றார்.

"இல்ல சிஸ்டர். எல்லாரையும் போலத்தான்."

சிஸ்டர் போய்விட்டார். அம்மாவை வற்புறுத்தி இட்லி சாப்பிட அனுப்பிவிட்டு புஷ்பவள்ளி பக்கத்தில் இருந்தார். அப்போதுதான் அப்பாவுக்குப் பொறுக்க முடியாமல் போயிருக்கிறது. யாரிடம் மறைத்தாரோ அவரிடமே, "தங்கச்சி, ஒரு வாய் தண்ணி குடு தாயி" என்று கேட்டிருக்கிறார். "பொறுங்கண்ணே, குடுக்கக் கூடாதுன்னு சொல்லிருக்காக" என்று புஷ்பவள்ளி துண்டை நனைத்து அவர் உதட்டைத் துடைத்துவிட்டார். அந்தத் துண்டை அப்பா பல்லால் கவ்விக்கொண்டாராம். பாவம், வலியில் செய்கிறார் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. தொடை எலும்பு அழகாகச் சேர்ந்தது என்று டாக்டர் சொன்னாராம். ஆனால் அப்பா தெளியவில்லை. மோட்டார் ஓடுதா, ஓடுதா என்று பிதற்றினார். மயக்க மருந்தின் வேலை, தெளிகிறவரை வாயில் தண்ணீர் விடக் கூடாது என்றார்கள். விடிந்ததும் வலிப்பு வந்தது. மதுரைக்குக் கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள்.

நான் கோயம்புத்தூரிலிருந்து நேரே மதுரைக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கே சுரப்பி நோய்களைப் பார்க்கிற டாக்டர் ஜெசி என்ற இளம்பெண் கையில் ரிப்போர்ட்டோடு வெளியே வந்தார். உடம்பில் தண்ணீர் வற்றி, அப்பாவின் ரத்தத்தில் உப்பு ஏறிப்போயிருப்பதாகச் சொன்னார். பிறகு, "உங்கப்பா வீட்டில் ரொம்பத் தண்ணீர் குடிப்பாரா?" என்று கேட்டார்.

"ஆமா டாக்டர். குடங் குடமாக் குடிப்பாரு" என்றேன் நான்.

அவர் ரிப்போர்ட்டிலிருந்து நிமிர்ந்தார். "காரைக்குடியில இதை யாரும் சொல்லலையா?"

சொல்லியிருப்பார்களே என்று நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அம்மா சுவரோடு சுவராகச் சரிந்து தரையில் உட்கார்ந்தாள்.

அவர்கள் ஊசி போட்டார்கள், தண்ணீரை மெதுவாக ஏற்றினார்கள், செய்யக்கூடிய எல்லாவற்றையும் செய்தார்கள். அப்பா கண் விழிக்கவே இல்லை. மறுநாள் காலையில் போய்விட்டார்.

எங்கள் பக்கம் எடுப்பதற்கு முன் நீர்மாலை எடுத்து வருவார்கள். உறவுக்காரர்கள் வேட்டியை விரித்துப் பந்தல்போலத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு, நீர்நிலையிலிருந்து குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து பிரேதத்தைக் குளிப்பாட்டுவார்கள். அப்பா எத்தனையோ முறை சரி செய்து கொடுத்த பக்கத்துத் தோட்டத்து மோட்டாரைப் போட்டுத்தான் அன்று தண்ணீர் பிடித்தார்கள். முதல் குடம் அவர் தலையில் விழுந்தபோது அத்தை கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். "உசுரோட கேட்டப்ப ஒரு மடக்கு குடுக்கல, இப்ப குடங் குடமா ஊத்துறீகளே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பெண்கள் அவளைப் பிடித்து அங்குட்டு இழுத்துப் போனார்கள். தண்ணீர் அப்பாவின் உதட்டோரம் வழிந்து மண்ணில் இறங்கியது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கருமாதியன்று புஷ்பவள்ளி வந்தார். நாலு வீட்டுக்குக் கேட்கிற அந்தக் குரல் அன்று எதிரில் இருப்பவளுக்கே கேட்கவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"ஏன் மதினி சொல்லல? தண்ணி குடிக்கிறவுக வீடுன்னா பொண்ணு வேணாம்னு போயிருவேனா நான்? எங்கிட்டதான கேட்டாரு. இந்தக் கையாலதான துண்ட நனைச்சேன். ஒரு வார்த்த சொல்லிருந்தீகன்னா சிஸ்டர் காலுல விழுந்தாவது வாங்கி ஊட்டிருப்பேனே."

முன்பே சொல்லியிருந்தால் நிஜமாகவே ஒப்புக்கொண்டிருப்பார்களா, இல்லை அத்தைக்கு நடந்ததுதான் எனக்கும் நடந்திருக்குமா, எனக்குத் தெரியாது. நடக்காத ஒன்றுக்கு யார் சாட்சி சொல்ல முடியும்? ஆனால் அந்த அம்மாள் அழுத அழுகை பொய் இல்லை.

டாக்டர் ஜெசி, வீட்டில் இதுபோலத் தண்ணீர் குடிக்கிற எல்லோரையும் அழைத்து வரச் சொல்லியிருந்தார். நானும் அத்தையும் போனோம். அம்மாவும் கூட வந்தாள். அம்மாவோடு நான் முகம் கொடுத்துப் பேசாத காலம் அது. பஸ்ஸில் வேறு வேறு சீட்டில் உட்கார்ந்து போனோம். ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பி, முடிவு வந்தபின் மறுபடி வரச் சொல்லி, டாக்டர் உட்காரவைத்து விளக்கினார்.

மூளையின் அடியில் சில செல்கள் வாசோபிரசின் என்று ஒரு ஹார்மோனைச் சுரக்கின்றனவாம். அது போய்ச் சொன்னால்தான் சிறுநீரகம் தண்ணீரைப் பிடித்து வைக்கும். சொல்ல ஆள் இல்லையென்றால் குடித்ததெல்லாம் அப்படியே வெளியே போய்விடும். அந்த ஹார்மோன் நேரடியாக உருவாவதில்லை. முதலில் ஒரு நீளமான புரதம் உருவாகும். அது செல்லுக்குள் சரியாக மடிந்து, வெட்டுப்பட்டு, அதிலிருந்துதான் சின்னதாக ஹார்மோன் பிரிந்து வரும். அத்தைக்கு ஒன்றும் புரியவில்லை என்பதைப் பார்த்து டாக்டர், "மரத்துலருந்து விழுற புளியம்பழம் மாதிரிம்மா. ஓடு உடைச்சு, நார் உரிச்சு, கொட்டை எடுத்தாத்தான் குழம்புக்கு ஆகும்" என்றார். எங்கள் குடும்பத்தில் அந்தப் பெரிய புரதம் தப்பாக உருவாகிறது. மடிவதில்லை, அதனால் வெட்டுப்படுவதும் இல்லை. செல்லுக்குள்ளேயே தேங்கித் தேங்கி, கடைசியில் அந்தச் செல்லையே கொன்றுவிடுகிறது. கொஞ்சம் கொஞ்சமாகச் சாவதால்தான் பிறந்த பிள்ளைக்குத் தெரிவதில்லை, நாலைந்து வயதில் தாகம் தொடங்குகிறது.

அத்தை கேட்டாள்: "அப்ப சாபம் இல்லையா டாக்டர்?"

"இல்லம்மா. பெத்தவங்ககிட்ட இருந்து பிள்ளைக்கு வர்றது. உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

"மருந்து?"

டாக்டர் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து வைத்தார். அந்த ஹார்மோனைப் போலவே செய்யப்பட்ட மருந்து; பல வருஷங்களாக நம் ஊர் மருந்துக் கடைகளிலேயே இருக்கிறது என்றார். அம்மா அந்த அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

மாத்திரை போட்ட மறுநாள் விடிந்து வெகு நேரமாகியும் அத்தை எழுந்திருக்கவில்லை. பயந்துபோய் உலுக்கி எழுப்பினேன். அவள் எழுந்து உட்கார்ந்து நாக்கால் உதட்டைத் தடவிப் பார்த்தாள். வாய் ஈரமாக இருந்தது. நடுவில் ஒரு தடவைகூட எழாமல் தூங்கியிருக்கிறாள். "ஊரு சனமெல்லாம் இப்பிடித்தான் இருந்துச்சா தாயி?" என்று கேட்டாள். "இம்புட்டுச் சொகமாவா இருந்தீக எல்லாரும்?" கேட்டுவிட்டு, வாழாமல் போன முப்பது வருஷத்துக்கும் சேர்த்து அழுதாள். நானும் அழுதேன். தாகம் இல்லாத ஒரு காலை எப்படி இருக்கும் என்று அப்பாவுக்குத் தெரியவே தெரியாது. ஊரெல்லாம் தண்ணீர் ஓடவைத்த மனுஷன் ஒரு நாள்கூட வாய் ஈரத்தோடு எழுந்ததில்லை.

வருஷம் கழிந்து எனக்கும் குழந்தைவேலுவுக்கும் கல்யாணம் நடந்தது. புஷ்பவள்ளிதான் விடாப்பிடியாக நின்று நடத்தினார். அம்மாவோடு நான் எப்போது மறுபடி பேச ஆரம்பித்தேன் என்று ஞாபகம் இல்லை. மன்னித்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். சில நாள் இப்போதும் கோபம் வரும். ஆனால் அம்மாவுக்கு அதன்பின் ஒரு பழக்கம் வந்துவிட்டது, அதைப் பார்த்தால் கோபத்தோடு என்னால் ரொம்ப நேரம் இருக்க முடிவதில்லை.

அம்மா எல்லோரிடமும் சொல்கிறாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம், ரேஷன் கடை வரிசையில், என்னைப் பல் பிடுங்கக் கூட்டிப் போன இடத்தில், கேட்டாலும் கேட்காவிட்டாலும், "எங்க வீட்டுக்காரரு நெறையத் தண்ணி குடிப்பாரு. எம் மகளும் குடிப்பா. அது ஒரு நோவு" என்று ஆரம்பித்துவிடுவாள். சிலர் பரிதாபப்படுவார்கள், சிலர் ஒதுங்கிப் போவார்கள். அவள் யாரையும் விடுவதில்லை.

இந்த ஆவணியில் எனக்குப் பிரசவ வலி எடுத்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்ததிலிருந்து அம்மா ஓயவில்லை. சீட்டு எழுதுகிறவரிடம் சொன்னாள், ஸ்ட்ரெச்சர் தள்ளியவரிடம் சொன்னாள், தரை துடைத்த அம்மாளை நிறுத்திச் சொன்னாள். பிரசவ அறை வாசலில் நின்ற சிஸ்டர் கடைசியில் அலுத்துப்போனார்.

"எம்மா, கேஸ் சீட்டுலயே செவப்பு மையில பெருசா எழுதிருக்கு. மதுரை டாக்டரும் போன்ல பேசிட்டாக. எத்தன தடவதான் சொல்லுவீக?"

"அன்னைக்கு ஒரு தடவ சொல்லாம விட்டுட்டேன் தாயி" என்றாள் அம்மா.

சொல்லிவிட்டு, டூட்டி மாறி உள்ளே வந்துகொண்டிருந்த அடுத்த சிஸ்டரை நோக்கி நடந்தாள்.